என் பேரு வெட்டின டம்ளர்

ஏனுங்க, உங்களையும் இங்கயே நிறுத்திட்டுப் போயிட்டானுங்களா? சென்னை ப்ளைட்டுதானுங்களே? அப்பச் சரி. பயப்படாதீங்க, வந்து தள்ளிட்டுப் போவாங்க. நான் இந்தத் தோஹாவுல இதுக்கு முன்னாடியும் இப்படிக் காத்துக் கெடந்திருக்கேன். சக்கர நாற்காலி போட்டாச்சுன்னா நம்மள விட்டுட்டுப் ப்ளைட்டு கெளம்பாதுங்க.

எனக்குக் கால்ல ஒண்ணும் இல்லீங்க. நல்லா மாடி ஏறி எறங்குவேன். எம்பையன்தான் டிக்கெட் போடறப்பவே வீல்சேர்னு போட்டுடுவான். எந்த கேட்டு, எந்த வரிசை, எதுக்க நிக்கறவன் என்ன கேக்கறான், ஒரு எழவும் நமக்குப் புரியாது. இதுல உக்காந்துட்டா அவனே தள்ளிட்டுப் போயி முன்னாடி நிறுத்திடறான். அங்க பாருங்க, வரிசையா உக்காந்திருக்கறது பூராவும் நம்மூர் அம்மாக்கள்தான். ஒருத்திக்காவது கால் வலிங்கறீங்க? உங்களுக்கும் கால் நல்லாத்தானே இருக்குது? சிரிக்கறீங்க பாருங்க. நெனச்சேன்.

நான் கோயமுத்தூருங்க. பீளமேடு. எங்க வீட்டுக்காரருக்குப் பம்பு கம்பெனி. பேரு ரங்கநாயகி. நீங்க? திண்டுக்கல்லா? திண்டுக்கல்லுல யாரு வீடு? சரி சரி, சொன்னாலும் எனக்குத் தெரியாதுன்னு வெச்சுக்கோங்க. பொண்ணு ஹூஸ்டன்ல நர்ஸா? நல்லதுங்க. நர்ஸுன்னா நல்லதுதான். நம்ம கஷ்டத்துக்கு அதுகளாவது நாலு காசு பாக்கட்டும். உங்க கஷ்டத்துக்குன்னு சொன்னேன்.

எம்பையன் டல்லாஸுங்க. பிரணேஷ். கம்ப்யூட்டர். தனியா போயி தங் கால்ல நின்னு முன்னுக்கு வந்தவன். சும்மா சொல்லலீங்க. இங்க இஞ்சினியரிங் சீட்டுக்கு அவங்கப்பா கேட்டதக் கட்டினாரு. அங்க படிக்கறதுக்கு சைட்டு ஒண்ண வித்துக் கட்டினாரு. போன உடனே காரு வாங்கிக் குடுத்தாரு. அப்புறம் அங்க வீடு வாங்க மொதல் பணமும் இவருதான் அனுப்பிச்சாரு. மத்தது பூராவும் அவன் ஒழைப்புங்க. ஒருத்தர் கையை எதிர்பாத்ததில்ல.

இப்ப நான் எதுக்குச் சொல்ல வரேன்னா, அந்த ஊர்ல எல்லாரும் சமம், ஒழைச்சா மேல வரலாம்னு பேசறாங்க பாருங்க, அதெல்லாம் சும்மாங்க. மேல வரலாம், வரட்டும். யாரு வேண்டாங்கறா? வந்தவங்க எங்க இருந்து வந்தோம்னு நெனைக்கோணுமா இல்லீங்களா? எனக்கு அந்த ஒண்ணுதான் வயித்தெரிச்சல். இல்லீங்க, வயித்தெரிச்சல் இல்ல. எனக்கென்ன வயித்தெரிச்சல்? ஒரு வருத்தம்.

எங்க வீட்டுல ஆறுச்சாமின்னு ஒரு டிரைவருங்க. பிரணேஷ் பொறக்கறதுக்கு முன்னாடி வந்தவன். நல்லவன். குடி கிடியெல்லாம் கெடையாது. கார் ஷெட்டுக்குப் பின்னாடி ஒரு ரூமு போட்டுக் குடுத்தோம். பொண்டாட்டி, ஒரே பொண்ணு, அங்கயே இருந்துட்டாங்க. வாடகைன்னு ஒரு பைசா நாங்க கேட்டதில்ல. அவன் பொண்டாட்டி எங்க வீட்டு வாசல் தெளிச்சு, பாத்திரம் கழுவிக் குடுத்துடுவா. அவ்வளவுதான். எம்பையனப் பள்ளிக்கொடத்துக்கு கூட்டிட்டுப் போயி கூட்டிட்டு வர்றது, டியூசனுக்கு, நீச்சலுக்கு, எல்லாம் ஆறுச்சாமிதான். மழை பேஞ்சா பையனத் தோள்ல தூக்கி கார்ல இருந்து நேரா வாசல்ல எறக்கிடுவான்.

அந்தப் பொண்ணு பேரு ஜீவிதா. கறுப்பா, ஒல்லியா, எப்பப் பாரு படிச்சுட்டே இருக்கும். எம்பையனோட புஸ்தகத்தையெல்லாம் வருசா வருசம் நாந்தாங்க தூக்கிக் குடுப்பேன். அவன் ஒரு வகுப்பு முன்னாடி. புதுசாட்டம் இருக்கும் புஸ்தகம். ஒரு பக்கத்துல மடிப்பு இருக்காது, கோடு இருக்காது. அதையே படிச்சுத்தான் அவ மார்க்கு வாங்கினா. சொல்லுங்க, யாரு குடுத்த படிப்பு அது?

அப்புறம் கவர்மெண்டு காலேஜ்ல சீட்டு. அங்க இருந்து அமெரிக்காவுல படிக்கறதுக்கு அந்த ஊர்க் காலேஜ்காரங்களே பணம் குடுத்துக் கூப்புட்டாங்களாம். ப்ளைட்டு டிக்கெட்டு மொதக்கொண்டு யாரோ டிரஸ்டுல குடுத்தாங்களாம். பாருங்க, அவளுக்கு எல்லாமே சும்மா கெடைச்சுது. எம்பையனுக்கு ஒண்ணாவது சும்மா கெடைச்சுதுங்களா? ஒவ்வொண்ணுக்கும் அவங்கப்பா பணம் கட்டினாரு. நியாயம்னு ஒண்ணு வேண்டாமா?

சரி, போகட்டும். போயி நல்ல வேலையில உக்காந்துட்டா. அதுவும் டல்லாஸ்லயே. உலகத்துல வேற ஊரே இல்லாத மாதிரி.

என்னது? ஆமாங்க, ஆறுச்சாமி அப்பவும் எங்க வீட்டுலதான் காரு ஓட்டிட்டிருந்தான். பொண்ணு அமெரிக்காவுல, அப்பன் இங்க ஸ்டியரிங்ல. நான் அவன்கிட்டயே கேட்டேன், ஏண்டா, இன்னும் எதுக்குடா வேலைக்கு வர்றேன்னு. சும்மா உக்காந்து திங்கப் புடிக்கலீங்கம்மான்னான். அந்தப் பொண்ணு இவன அங்க வரவழைக்கப் பாத்தாளுங்க. இவன் ரெண்டு தடவ சென்னைக்குப் போயி விசாவுக்கு நின்னான். ரெண்டு தடவையும் அங்க இருந்த ஆபீசர் இல்லைன்னுட்டான். திரும்பி வருவேங்கறதுக்கு என்ன அத்தாட்சின்னு கேட்டானாம். இவன்கிட்ட என்ன இருக்குது? வீடு இல்ல, வாசல் இல்ல, கார் ஷெட்டுதான்.

நான் போனப்ப ஒரு கேள்வி கேக்கலீங்க. எங்க வீட்டுக்காரர் கம்பெனிக் கணக்கு, பத்திரம் எல்லாம் ஒரு பை நெறைய குடுத்தனுப்பிச்சாரு. பிரிச்சே பாக்கல. எத்தன நாள் இருப்பீங்கன்னான், அவ்வளவுதான், குத்திட்டான். ஆளப் பாத்தாலே தெரியுமில்லீங்களா?

ரெண்டாவது தடவ போறதுக்கு முன்னாடி ஆறுச்சாமி எங்க வீட்டுக்காரர்கிட்ட வந்து நின்னான். ‘ஐயா, நான் திரும்பி வந்து உங்ககிட்ட வேலை செய்யோணும்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க, அதைக் காட்டினா விடுவாங்களாம்’னான். இவரு பேனாவ எடுத்துட்டாருங்க. நாந்தான் உள்ள கூப்புட்டுச் சொன்னேன், மூணு மாசம் இவன் அங்க போயி உக்காந்துட்டா நம்ம காரு யாரு ஓட்டறதுன்னு. தப்பா? அப்ப அடுத்த மாசம் எங்க அண்ணம் பொண்ணு கல்யாணம் வேற. ஊடு ஊடாப் போயி பத்திரிகை வெக்கோணும். அவன் கேட்ட நேரம் அப்படி. அதுக்கு நான் என்ன பண்றது?

சரி, விசயத்துக்கு வரேன். இந்தத் தடவ நான் போனது பேரன் பேத்தி பாக்க இல்லீங்க. பையனுக்கு இன்னும் கல்யாணமே ஆகல. பொண்ணு பாத்துட்டிருக்கோம். போன எடத்துல பாத்தா பையன் வீட்டுலயே உக்காந்திருக்கறான். ‘ஏங்கண்ணு, ஆபீஸு போகலியா’ன்னா, ‘வீட்டுல இருந்தே வேலைம்மா’ங்கறான். வேலையாம், கம்ப்யூட்டரத் தொடவே காணோம். தாடி வேற. பெத்தவளுக்குத் தெரியாதுங்களா? கெளறிக் கெளறிக் கேட்டதுல அழுதுட்டான். கம்பெனியில கும்பலா ஆள வேலையவிட்டுத் தூக்கிட்டாங்களாம். சீக்கிரமே வேற வேலை கெடைக்கலீன்னா நாட்டை விட்டே கெளம்போணுமாம். அது என்ன நாடுங்க? வேலை போனா வீட்டுல இருக்கலாம், இல்ல ஊர்ல இருக்கலாம். நாட்டை விட்டேவா?

பொண்ணு பாத்த எடத்துல எல்லாம் அமெரிக்கா மாப்பிள்ளைன்னு சொல்லியாச்சு. ஊருக்கு வந்தா எந்த மூஞ்சிய வெச்சுட்டு எங்க பம்பு கம்பெனியில போயி உக்காருவான்? அவங்கப்பாவுக்கு ஏற்கெனவே இருதயத்துல கொழாய் வெச்சிருக்குது. அவருக்குத் தெரியக்கூடாதும்மான்னு கையப் புடிச்சுக் கெஞ்சறான். எம்பையன் அழுது நான் பாத்ததில்லீங்க. கேட்டது கெடைக்காம இருந்தாத்தானே அழுவான்?

அப்பத்தான் யோசனை வந்துச்சு, ஜீவிதா. அவ கம்பெனி பெரிய கம்பெனி. நாலு பேர வேலைக்கு வெக்கற எடத்துல இருக்கறா. பையன்கிட்டச் சொன்னா, ‘வேண்டாம்மா, நீ போகாத’ன்னு கத்தறான். நாங் கேக்கல. அவகிட்டப் போறதுக்கு நான் எதுக்குங்க கூச்சப்படோணும்? எங்க வீட்டுச் சோத்துல வளந்தவ. உதவின்னு கேக்கப் போகல, ஞாபகப்படுத்தப் போனேன். அவ்வளவுதான். வெறுங்கையோடயும் போகலீங்க. எங்க நாத்தனார் ஒரு சேலை குடுத்திருந்தா, பச்சையில. எனக்கு அந்தப் பச்சை ஆகாது. அதைக் கவர்ல போட்டு எடுத்துட்டுப் போனேன்.

வீடு நல்ல வீடுங்க. பெருசு. எம்பையன் வீட்டவிடப் பெருசுன்னு சொல்ல முடியாது, எடம் எச்சா இருக்குது, அவ்வளவுதான். கதவத் தொறந்து ‘வாங்கம்மா, உள்ள வாங்க’ன்னா. சோபாவுல உக்காந்தேன். அவ எதுக்க உக்காந்தா. எனக்கு எதுக்க. கால் மேல கால் போடல, அதச் சொல்லோணும். இருந்தாலும் உக்காந்தா. எங்க வீட்டுல அவங்கப்பன் இத்தன வருசத்துல ஒரு நாள் உக்காந்ததில்லீங்க. நான் கண்டுக்கலயே. அமெரிக்கான்னு விட்டுட்டேன். அவ்வளவு பெருந்தன்மை எனக்கு உண்டு.

காபி கொண்டாந்தா. பூப்போட்ட பீங்கான் கப்பு, அடியில தட்டு. அவளுக்கும் அதே மாதிரி ஒரு கப்பு. காபி நல்லாத்தான் இருந்துச்சு. குடிச்சுட்டே சாமி படத்தப் பாக்கறேன், படத்துக்குப் பக்கத்துல தனியா ஒரு எவர்சில்வர் டம்ளர். பூவும் இல்ல, பொட்டும் இல்ல, டம்ளர் மட்டும். எங்கியோ பாத்த டம்ளராட்டம் இருக்குதேன்னு கிட்டப் போயி எடுத்தேன். அட சாமி! எம்பேரு! ‘த. ரங்கநாயகி’ன்னு.

எங்கப்பா எனக்குச் சீரா குடுத்த பாத்திரம் அத்தனையிலயும் பேரு வெட்டிக் குடுத்தாருங்க. அண்டா, குண்டா, கரண்டி வரைக்கும். அந்தக் காலத்துச் சீரு. அதுல ஒரு டம்ளருதான் அது. அடியத் திருப்பிப் பாத்தேன், செவப்புப் பொட்டு. நாந்தான் வெச்சேன். நகப்பாலீஷ்ல. ஆறுச்சாமிக்குக் காபி, தண்ணி குடுக்கறதுக்குன்னு தனியா வெச்ச டம்ளருங்க. பின்னாடி ஜன்னல் கட்டையில கவுத்தி வெச்சிருப்போம். கழுவறப்ப நம்ம டம்ளர்களோட கலந்துறக் கூடாதில்லீங்களா, அதுக்காகப் பொட்டு. எல்லார் வீட்டுலயும் உண்டுதானுங்களே? எங்க வீட்டுல பரவாயில்லீங்க, எவர்சில்வரு. எங்க அக்கா வீட்டுல செரட்டைதான்.

‘இது எப்படி இங்க வந்துச்சு கண்ணு’ன்னேன்.

‘போன வருசம் உங்க சமையலறைய இடிச்சுக் கட்டினப்ப, பழசயெல்லாம் கழிச்சீங்கல்ல, அப்ப இதையும் அப்பாவையே எடுத்துட்டுப் போகச் சொன்னீங்களாமா. ஊருக்குப் போன பிரெண்டுகிட்டச் சொல்லி நாந்தான் கேட்டு வாங்கினேன். அப்பா இங்க வர முடியல. அப்பாவோட டம்ளராவது வரட்டும்னு’ன்னா.

எனக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க. எங்கயோ இருக்கற டல்லாஸ்ல, சாமி படத்துக்குப் பக்கத்துல, எம்பேரு. அத்தனை நன்றி. எந்த வீட்டு வேலைக்காரி மகளுங்க இப்படி வெச்சுக் கும்புடுவா? இதுதான் சமயம்னு ஆரம்பிச்சேன். ‘ஜீவிதா, நாங்க உங்களுக்குச் செஞ்சதெல்லாம் நீ மறக்கல’ன்னேன்.

‘எதையும் மறக்கலீங்கம்மா’ன்னா. டம்ளர எங் கையில இருந்து வாங்கிக்கிட்டா. ‘தெனமும் காலையில வேலைக்குக் கெளம்பறப்ப இதைப் பாத்துட்டுத்தான் கெளம்புவேன்.’

பாத்தீங்களா? தெனமும்!

அப்புறம் பிரணேஷ் விசயத்தச் சொன்னேன். முழுசாச் சொல்லவே விடல. ‘அவரு போன வாரமே எனக்குப் போன் பண்ணிட்டாருங்க’ன்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. என்கிட்ட வேண்டாம் வேண்டாம்னு கத்தினவன் எனக்கு முன்னாடியே பேசிட்டானாம். ‘எங்க கம்பெனியில அவரு பேர் குடுத்திருக்கேன். இன்டர்வியூ வேற ஆளுங்க எடுப்பாங்க. அது அவரு கையில. எனக்கு இஷ்டமில்லதாங்கம்மா. அப்பாதான் போன்ல சொன்னாரு. அந்தப் பையன நான் தோள்ல தூக்கிட்டுப் போயிருக்கேன், முடிஞ்சதச் செய் சாமின்னு.’

இஷ்டமில்லையாம்! எங்க முன்னாடியே சொல்றா. என்ன நெஞ்சழுத்தம் பாருங்க. நான் விட்டுக்குடுக்கல. ‘உங்கப்பன் எங்க உப்பத் தின்னவன், அவனுக்குத் தெரியுது’ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுட்டேன். அவளுக்குச் செவந்து போச்சு மூஞ்சி. கறுப்பு மூஞ்சியில செவப்பு தெரியாதுன்னு நெனைச்சுட்டிருந்தேன், தெரியுதுங்க.

வேலை கெடைச்சிருச்சுங்க. அதச் சொல்ல மறந்துட்டேன். எம்பையன் தகுதிக்குக் கெடைச்சுது. அவ பேரு குடுத்ததால இல்ல, இன்டர்வியூ எடுத்தது வேற ஆளுங்கன்னு அவளே சொன்னாளே. அவளுக்குக் கீழதானான்னு கேக்காதீங்க. அங்கயெல்லாம் கீழ மேலன்னு கெடையாதாம். இவன் செஞ்சதை அவ பாத்துச் சரின்னு சொல்லோணும், அவ்வளவுதான். ஊர்ல நான் அதெல்லாம் சொல்லப் போறதில்ல. உங்ககிட்டச் சொன்னா என்ன, நீங்க திண்டுக்கல்லு.

ஆனா வாசல்ல நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறல. செருப்பு மாட்டறேன், அவ உள்ள போயி அந்த டம்ளரக் கொண்டாந்து எங் கையில குடுக்கறா. நல்லாத் தேச்சுக் கழுவி, துணியில தொடச்சு, பளபளன்னு.

‘இது உங்களோடதுங்கம்மா, உங்க பேரு இருக்குது. எடுத்துட்டுப் போயிருங்க. அப்பாவுக்கு விசா குடுத்துட்டாங்க. அடுத்த மாசம் வர்றாரு. அவரு வர்றப்ப இது இந்த வீட்டுல இருக்க வேண்டாம்.’

எனக்கு ஒண்ணும் புரியல. அப்பன் வர்றான்னா டம்ளரு எச்சாவே வேணும், இவ இருக்கறதக் குடுத்தனுப்பறா. புதுசா வாங்கிருப்பாளாட்டம் இருக்குது. பணம் வந்தா பழம்பொருளோட அருமை தெரியாதுங்க. அந்தச் சேலையவும் பிரிச்சுக்கூடப் பாக்கல, கவரோட திருப்பிக் குடுத்துட்டா. ‘எனக்குப் பச்சை ஆகாதுங்கம்மா’ங்கறா!

ஆறுச்சாமிக்கு விசா எப்படிக் கெடைச்சுதுன்னே எனக்குப் புரியல. நாங்க எழுதிக் குடுக்கல. எதைக் காட்டினான்? பொண்ணு வீட்டக் காட்டினானோ என்னமோ. இப்ப அவன் இந்தப் பக்கம் வருவான், நான் அந்தப் பக்கம் போறேன். அவனுக்கும் வீல்சேர் போட்டிருப்பா அவ. ஆறுச்சாமி உக்காந்திருக்க, வெள்ளைக்காரன் தள்ளிட்டுப் போவான். நெனைச்சாச் சிரிப்பு வருது. சிரிக்கலியே நீங்க?

நான் ஒண்ணும் தலை குனிஞ்சு வரலீங்க. யாருகிட்டயும் கையேந்தல. குடுத்த கை எங்களோடது. இன்னிக்கும் அந்தப் பொண்ணு மேல இருக்குதுன்னா, அடியில போட்ட கல்லு நாங்க. டம்ளர்ல இருக்கறது எம்பேருதானுங்களே? அவ பேரு இல்லியே? அத அழிக்க முடியாது. வெட்டின பேரு.

இருங்க, பிரசர் மாத்திரை போடற நேரம். இந்தப் பாட்டில்ல வாய் வெச்சுக் குடிச்சு எனக்குப் பழக்கமே இல்ல. அண்ணாந்து ஊத்துனா மேல கொட்டிரும், சேர்ல உக்காந்துட்டு எப்படி அண்ணாக்கறது?

என்னுங்க? டம்ளரா? ஆமா, இந்தக் கைப்பையிலதான் இருக்குது. பெட்டியில போட மனசு வரல, நசுங்கிரும்னு. இதா, பாருங்க, எம்பேரு. நல்லா இருக்குதுங்களா? அந்தக் காலத்து வெட்டு. பொட்டும் அப்படியே இருக்குது, எத்தன தேச்சும் போகல.

இதுலயா? இதுல நான் எப்படிங்க குடிக்கறது?

இல்ல, கழுவித்தான் இருக்குது. அவ நல்லாத்தான் கழுவிருக்கா. எம் பேருதான். என் சீர்ப் பாத்திரம்தான். இருந்தாலும் வேண்டாங்க. எத்தன வருசம் அவன் வாய் வெச்சது. ஒரு மாதிரி இருக்குது. தாகம் அப்புறம் பாத்துக்கறேன். நீங்க வேணா குடிங்களேன். உங்க வீட்டுக்காரர் என்ன வேலைன்னு சொன்னீங்க? பள்ளிக்கொடத்துல வாட்ச்மேனா? அப்ப உங்களுக்கு ஒண்ணும் வித்தியாசமாத் தெரியாது. புடிங்க, ஊத்தறேன்.

ஏனுங்க. ஏனுங்க, எதுக்கு எந்திரிக்கறீங்க? பையெல்லாம் எடுத்துட்டு எங்க போறீங்க? சொல்லாமக் கொள்ளாம... இப்ப நான் என்ன சொல்லிட்டேன்? வண்டி வருமுங்க! தள்ளறதுக்கு ஆள் வருவான்! வழி தெரியுமுங்களா உங்களுக்கு? பாருங்க, என்ன வேகமாப் போறாங்க. திரும்பிக்கூடப் பாக்கல.

நடக்கட்டும். யாரு வேண்டாங்கறா? போயி ஏதோ தப்பான கேட்டுல நிக்கட்டும், அப்பத் தெரியும்.

வண்டி தள்ற தம்பி, இங்க வாங்க. மலையாளமா? தமிழ் புரியுமில்ல? கொஞ்சம் தண்ணி வேணும், மாத்திரை போடோணும். பேப்பர் கப்பு ஏதாவது இருக்குதா? என்ன, இதுவா? இது டம்ளர்தான் சாமி. என்னோடதுதான், என் பேருதான் போட்டிருக்குது. அது வேண்டாம். நீ பேப்பர் கப்பு குடு.